எச்எஸ்கே நான்காம் நிலை: 'ஜியென்' படித்த விதம்

சீன மொழித் தேர்வான எச்எஸ்கேயின் பழைய ஆறு நிலைத் திட்டத்தில் நான்காம் நிலைக்கு 1200 சொற்கள். அவற்றில் 'குறை' என்னும் பொருள்தரும் 'ஜியென்' சேர்ந்த ஜியென்ஷாவ், ஜியென்ஃபேய் இரண்டும் உண்டு. தமிழில் விலையும் குறையும், வலியும் குறையும், காய்ச்சலும் குறையும். சீனத்தில் எது குறைகிறது என்று பார்த்துத்தான் வினையை எடுக்க வேண்டும்.

எண்ணிக்கையோ அளவோ குறைந்தால் ஜியென்ஷாவ். வெப்பநிலை, தரம் போல ஏறி இறங்குகிறவற்றுக்கு ஜியாங்தி. பாரமும் வேதனையும் என்றால் ஜியென்ச்சிங். காய்ச்சல் மட்டும் தனிக்கட்சி, அதற்குத் துய்ஷாவ். அதனால் நோட்டில் வெறும் பொருளை எழுதாமல், வினையையும் அதோடு வரும் பெயர்ச்சொல்லையும் ஜோடியாகவே எழுதிவைத்தேன். வாக்கியத்தை வரிசைப்படுத்தும் கேள்விகளில் இது நன்றாகக் கைகொடுத்தது.

அடுத்தது எண்கள். ஜியென்ஷாவுக்குப் பின்னால் 'ல' வந்தால் எவ்வளவு குறைந்தது என்று பொருள். 'தாவ்' வந்தால் எவ்வளவாகக் குறைந்தது என்று பொருள். 90 பேரில் மூன்றில் ஒரு பங்கு குறைந்தால் மிச்சம் 60. மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தால் மிச்சம் 30. நம் 'ஆக' செய்யும் வேலையைத்தான் 'தாவ்' செய்கிறது. இந்த இடத்தில் ஆங்கிலம் வழியாகப் போகாதீர்கள், தமிழிலிருந்து நேரே போவதே சுலபம்.

ஜியென்ஃபேய் என்பது உடல் இளைக்க எடுக்கும் முயற்சி. இளைத்தாயிற்று என்று சொல்ல 'ஷோவ் ல' வேண்டும். (முயற்சி பல வருடம் ஓடலாம், சீனத்துக்கு அதில் ஆட்சேபணை இல்லை.) மூன்று கிலோ குறைத்தேன் என்னும்போது ஃபேய் கழன்றுவிடும்: 'ஜியென் ல சான் கோங்ஜின்'.

உச்சரிப்பில் ஒரு விஷயம். சீனத்தில் குரலின் ஏற்ற இறக்கமான தொனி மாறினால் சொல்லே மாறும். ஜியென்ஷாவில் ஜியென், ஷாவ் இரண்டுமே மூன்றாம் தொனி. சேர்ந்து வரும்போது முதலாவது இரண்டாம் தொனியாக ஏறும். ஜியென்ஃபேயில் அப்படி ஏறாது, தாழ்ந்தே நிற்கும். ஜியென்னை நான்காம் தொனியில் சொன்னால் 'பார்' என்ற வேறு சொல்லாகிவிடும். கேட்டல் பகுதிக்கு இதைச் சத்தமாகச் சொல்லிப் பழகுங்கள்.

அப்புறம் வாசிப்பு. வீட்டுப்பாடச் சுமையையும் டியூஷன் சுமையையும் குறைக்க 2021 ஜூலையில் சீனா கொண்டுவந்த கொள்கையின் பெயரே 'ஷுவாங்ஜியென்', அதாவது இரட்டைக் குறைப்பு. அதைப் பற்றிய எளிய செய்திகளைத் தேடிப் படியுங்கள். ஜியென்ச்சிங் எந்தப் பெயர்ச்சொல்லோடு வருகிறது என்பது தானாகப் பதிந்துவிடும்.