பெரியப்பாவின் ரிவால்வர், தான் பிறந்த ஆலைக்குப் போய்வந்த கதை

பெரியப்பா காலமான பின் உரிமம் என் பெயருக்கு மாறி, அவருடைய ரிவால்வர் என் கைக்கு வந்தபோது, அதைப் பார்த்து நான் மகிழ்ந்தேன் என்று சொன்னால் அது பொய். துணியைப் பிரித்ததும் என் கண்ணில் பட்டது, கறுப்பும் ஊதாவும் கலந்து திட்டுத்திட்டாகப் பளபளத்த, எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய ஓர் இரும்பு. ஸ்மித் அண்ட் வெசன் நிறுவனத்தின் மாடல் 10 அது. 1899-ஆம் ஆண்டு 'மிலிட்டரி அண்ட் போலீஸ்' என்ற பெயரில் வெளிவந்து, 1957-இல் அந்நிறுவனம் தன் கைத்துப்பாக்கிகளுக்கு எண்களைச் சூட்டத் தொடங்கியபோது 10 என்ற எண்ணைப் பெற்ற, பல நாட்டுக் காவலர்களின் இடுப்பில் தொங்கிய, .38 ஸ்பெஷல் என்ற தோட்டாவுக்கான ரகம். தோட்டாக்களை ஏந்திச் சுழலும் சிலிண்டரைப் பக்கவாட்டில் திறந்தால், அதைத் தாங்கும் யோக் உட்காரும் இடத்தில் 10-5 என்று பொறித்திருந்தது. அந்தக் கடைசி 5, வடிவமைப்பில் அதுவரை செய்யப்பட்ட மாற்றங்களின் வரிசை எண். ஆகவே இது 1962-க்கு முற்பட்டதாக இருக்க முடியாது என்பது அங்கேயே தெரிந்துவிட்டது.

அந்தப் பளபளப்புத்தான் முதல் சந்தேகத்தைக் கிளப்பியது. பெரியப்பா பல ஆண்டுகளுக்கு முன்பு யாரோ ஒரு துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் கொடுத்து இதற்குப் புது நீலம், அதாவது துப்பாக்கி இரும்பின்மேல் ஏற்றும் கருநீல மேற்பரப்பு, ஏற்றியிருக்கிறார். அந்த மனிதர் மெருகுச் சக்கரத்தில் வைத்து இதைத் தாராளமாகவே தேய்த்திருந்தார். குழலின் பக்கத்தில் உள்ள எழுத்துகளின் விளிம்புகள் மழுங்கி, ஈரத் துணியில் எழுதிய மை போல ஆகிவிட்டிருந்தன. வலப்பக்கத் தகட்டின் திருகாணித் துளைகளைச் சுற்றி, விரல் நகத்தால் வருடினால் இறங்கி ஏறும் அளவுக்குச் சிறு பள்ளங்கள். திருகாணிகளைக் கழற்றி வைத்துவிட்டு வெறும் துளையோடு மெருகிட்டால் இப்படித்தான் ஆகும். திருகாணிகள் இருந்த இடத்திலேயே இருக்கத் தேய்த்தால் துளையின் விளிம்பு சாயாது. இதைவிடக் கொடுமை, தோட்டாவை வெடிக்க அடிக்கும் சுத்தியலையும் விரலால் இழுக்கும் விசையையும் சேர்த்து நீலத்தில் முக்கியிருந்ததுதான். அவ்விரண்டும் மேற்பரப்பைக் கடினப்படுத்தும் முறையில் செய்யப்பட்டு, சாம்பலும் பழுப்பும் நீலமும் மேகம் போலக் கலந்த தம் இயல்பு நிறத்தோடு ஆலையிலிருந்து வெளிவருபவை. இந்த ரகத்தில் அவை நீலமாக இருந்தால், அது ஆலையில் செய்த வேலை இல்லை என்பதைத் தெரிந்தவர்கள் எட்ட நின்றே சொல்லிவிடுவார்கள்.

தோற்றம் கிடக்கட்டும். பழுது வேறு இருந்தது. சிலிண்டரைக் காலியாக வைத்து, கட்டைவிரலால் அதன்மேல் மிக லேசான தடை கொடுத்துக்கொண்டு, சுத்தியலை மெல்ல மெல்லப் பின்னால் இழுத்துப் பார்த்தேன். ஆறு அறைகளில் நான்கு, சுத்தியல் முழுவதும் பின்னால் போய் நிற்பதற்கு முன்பே 'டக்' என்று பூட்டிக்கொண்டன. மற்ற இரண்டும், சுத்தியல் நின்ற பிறகும் ஒரு மயிரிழை தூரம் மிச்சம் வைத்திருந்தன. விரலால் தள்ளினால்தான் பூட்டின. அறையும் குழலும் நேர்கோட்டில் வராமல் தோட்டா கிளம்பினால், அது குழலின் வாயில் உரசி ஈயத்தைச் சீவி, அந்தத் துகள்களைப் பக்கவாட்டில் தெறிக்கவிடும். பயிற்சிக் களத்தில் பக்கத்தில் நின்றிருந்தவர் கன்னத்தைத் தடவிக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்ததன் காரணம் அப்போதுதான் எனக்கு விளங்கியது.

இரண்டாவது பழுது, சிலிண்டர் முன்னும் பின்னும் ஆடியது. இடைவெளி அளக்கும் தகடுகளைக் குழலுக்கும் சிலிண்டருக்கும் நடுவே செருகிப் பார்த்தேன். பின்னால் அழுத்திப் பிடித்தால் 0.25 மில்லிமீட்டர், முன்னால் தள்ளினால் 0.10. வித்தியாசம் 0.15. கண்ணுக்கு ஒன்றுமில்லாத அளவுதான். ஆனால் இந்த ஆட்டம் அதில் பாதிகூட இருக்கக் கூடாது; ஒவ்வொரு வெடிக்கும் சிலிண்டர் முன்னும் பின்னும் மோதி, தேய்மானம் தானே தன்னை வளர்த்துக்கொண்டே போகும். யோக்கின் முனை தேய்வதால் வருவது இது. திரைப்படங்களில் கதாநாயகர்கள் மணிக்கட்டை ஒரு வெட்டு வெட்டிச் சிலிண்டரை மூடுகிறார்களே, அந்தப் பழக்கம் யோக்கை வளைக்கவும் செய்யும். பெரியப்பா அப்படி மூடுபவர்தான் என்பதைச் சிறு வயதில் நானே பார்த்திருக்கிறேன், வாயைப் பிளந்துகொண்டு.

இதை அருகில் உள்ள கைதேர்ந்த ஒருவரிடம் கொடுக்கலாமா, செய்த நிறுவனத்துக்கே அனுப்பலாமா என்று சில வாரம் யோசித்தேன். நல்ல கைவினைஞர் ஒருவரால் இவ்விரண்டு பழுதையும் சரிசெய்ய முடியும். ஆனாலும் செய்தவரிடம் அனுப்புவதில் வேறொரு பொருள் இருக்கிறது: அவர்கள் நாம் காட்டும் பழுதை மட்டும் பார்த்துவிட்டு விடமாட்டார்கள். தம் அளவுகோலின்படி முழுவதையும் சோதித்து, பாதுகாப்பற்ற நிலையில் உள்ள எதையும் அப்படியே திருப்பித் தர மறுப்பார்கள். இது சிலருக்குப் பிடிப்பதில்லை. ரூகர் நிறுவனத்தின் பழைய ஒற்றைச் செயல் ரிவால்வர்கள் (ஒவ்வொரு முறையும் சுத்தியலைக் கையால் பின்னால் இழுத்தால்தான் சுடுபவை) இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1973-க்கு முன் வந்தவற்றில், சுத்தியலுக்குக் கீழுள்ள அறையில் தோட்டா இருக்கும்போது துப்பாக்கி கீழே விழுந்து அடிபட்டால் வெடித்துவிடும் ஆபத்து உண்டு. அவற்றை அனுப்பினால் நிறுவனம் கட்டணம் வாங்காமல் பாதுகாப்புப் பாகங்களைப் பொருத்தி, கழற்றிய பழைய பாகங்களையும் ஒரு பையில் போட்டுத் திருப்பி அனுப்புகிறது. அந்தப் பை இருந்தால்தான் சேகரிப்பாளர்களிடம் அதற்கு மதிப்பு. அதைத் தொலைத்துவிட்டுப் பின்னர் வருந்தியவர்கள் உண்டு.

ஸ்மித் அண்ட் வெசனுக்கும் இப்படி ஒரு பாடம் கிடைத்தது. இரண்டாம் உலகப் போரின்போது, 1944-இல், இதே ரகத்தின் போர்க்கால வடிவமான 'விக்டரி' ஒன்று கப்பல் தளத்தில் விழுந்து வெடித்து ஒரு மாலுமி இறந்தார். அதன் பிறகே சுத்தியலைத் தடுக்கும் துண்டு புதிய முறையில் மாற்றி அமைக்கப்பட்டது. என்னுடையது அதற்கு வெகு காலம் பின்னால் வந்தது என்பதால் அந்தக் கவலை எனக்கு இல்லை. இருந்தாலும் உள்ளே அந்தத் துண்டு இருக்கிறதா, அல்லது முன்பு திறந்த மகானுபாவர் அதைத் திரும்ப வைக்க மறந்துவிட்டாரா என்பதைப் பார்த்துச் சொல்லும்படி கடிதத்தில் ஒரு வரி தனியாக எழுதினேன்.

பழுது நீக்குவதில் எனக்கு இரண்டு மனம் இல்லை. மெருகேற்றுவதில்தான் குழப்பம். பழைய துப்பாக்கிக்குப் புது நீலம் ஏற்றுவதைச் சேகரிப்பாளர்கள் வெறுப்பார்கள். தேய்ந்த அசல் பூச்சு, புதிய பூச்சைவிட மதிப்பு மிக்கது என்பார்கள். அவர்கள் சொல்வது சரிதான். மெருகிடுவது என்றால் இரும்பைக் கொஞ்சம் எடுத்துவிடுவது என்று பொருள். எடுத்த இரும்பு திரும்பி வராது. முற்காலத்தில் ஆலைக்கே திரும்பிச் சென்று புதுப்பிக்கப்பட்ட ஸ்மித் அண்ட் வெசன் துப்பாக்கிகளில், தொடர் எண்ணுக்கு அருகே ஒரு சிறு நட்சத்திரமும், கைப்பிடிக்கு அடியில் மாதமும் ஆண்டும் பொறிக்கப்பட்டிருப்பதைக் காணலாம். பின்னால் வாங்குபவர் ஏமாறாமல் இருக்க அதைவிட நேர்மையான அடையாளம் வேண்டுமா? ஆனால் என் கையில் இருந்ததில் காப்பாற்ற வேண்டிய அசல் பூச்சு எதுவும் மிஞ்சியிருக்கவில்லை. அதை ஏற்கெனவே ஒருவர் சக்கரத்தில் கரைத்துவிட்டார். அசலாக இருந்திருந்தால், பாதி நீலம் போயிருந்தாலும் தொட்டிருக்க மாட்டேன்.

அனுப்பும் முறையைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. முதலில் நிறுவனத்தின் பழுதுபார்ப்புப் பிரிவைத் தொடர்புகொண்டு, இந்த வயதுடைய ஒன்றை ஏற்பார்களா, பாகங்கள் கைவசம் உண்டா என்று கேட்டு, அவர்கள் தந்த எண்ணைப் பெட்டியின் உள்ளே வைத்தேன். சட்டப்படி யார் எந்த வழியில் அனுப்பலாம் என்பது இடத்துக்கு இடம் மாறும் என்பதால், உரிமம் பெற்ற வணிகர் ஒருவரிடம் கேட்டே செய்தேன். மரக் கைப்பிடிகளைக் கழற்றி வீட்டிலேயே வைத்துக்கொண்டேன். அவை மட்டும் இன்னும் அசல். பெரியப்பாவின் உள்ளங்கை தேய்த்த வால்நட் மரம். ஆலையில் யாரும் அவற்றுக்குப் புது வார்னிஷ் பூசி உபகாரம் செய்துவிடக் கூடாது.

சில வாரம் கழித்து மதிப்பீடு வந்தது. தடுப்புத் துண்டு இருக்கிறது. சிலிண்டரைச் சுழற்றும் 'ஹேண்ட்' என்ற நகம் போன்ற பாகம் தேய்ந்திருக்கிறது, சற்றுத் தடித்த புதிய ஒன்றைப் போட்டு அறை அறையாகப் பொருத்த வேண்டும். யோக்கின் முனையை நீட்டி ஆட்டத்தைக் குறைக்க வேண்டும். இவற்றில் வியப்பு இல்லை. நான் எதிர்பாராதது கடைசிக் கேள்வி. சிலிண்டருக்கு மேலே செல்லும் பட்டையின் உட்புறத்திலும் குழலின் அடியிலும் பழைய துருக்குழிகள் மூன்று இருக்கின்றன. அவற்றை முழுவதுமாக எடுக்க வேண்டுமா, அப்படியே விட்டு அதன்மேல் நீலம் ஏற்றலாமா என்று கேட்டிருந்தார்கள். குழியை எடுப்பது என்றால், சுற்றியுள்ள இரும்பு முழுவதையும் குழியின் ஆழத்துக்கு இறக்குவது. ஏற்கெனவே மழுங்கிய எழுத்துகள் அதில் மேலும் மங்கும். தட்டையான பரப்புகளின் கூர்மை போகும். குழிகள் இருக்கட்டும் என்று எழுதிவிட்டேன். இந்த முழு விவகாரத்திலும் நான் எடுத்த உருப்படியான முடிவு அது ஒன்றுதான் என்று இப்போதும் நினைக்கிறேன்.

நீலமேற்றுதல் என்பதைப் பலர் வண்ணப் பூச்சு என்று எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். உண்மையில் அது அடக்கி ஆளப்பட்ட துரு. காஸ்டிக் சோடாவும் நைட்ரேட் உப்பும் கலந்த கரைசலை ஏறத்தாழ 140 டிகிரி செல்சியஸில் கொதிக்கவிட்டு, எண்ணெய்ப் பசை ஒரு துளியும் இல்லாமல் கழுவிய பாகங்களை அதில் அமிழ்த்தினால், இரும்பின் மேற்பரப்பு மேக்னடைட் என்ற கறுப்பு இரும்பு ஆக்சைடாக மாறுகிறது. சிவந்த துரு இரும்பை உரித்துத் தின்னும். இந்தக் கறுப்பு, இரும்போடு ஒட்டிக்கொண்டு எண்ணெயைப் பிடித்து வைக்கும். அந்தக் குளியலுக்கு மந்திரம் எதுவும் கிடையாது. நிறத்தின் ஆழம், அதற்கு முன்பு செய்த மெருகிலேயே முடிவாகிவிடுகிறது. கண்ணாடி போல மெருகிட்ட இரும்பு குளத்து நீர் போன்ற ஆழ்ந்த நீலமாக வரும். மணல் வீசிய இரும்பு அதே தொட்டியிலிருந்து மங்கிய கறுப்பாக வரும். ஆகையால் பாதி வேலைக்கு மேல் மெருகிடுபவரின் மணிக்கட்டில் இருக்கிறது. பக்கத் தகட்டை உடலோடு பொருத்தியே மெருகிட்டால், இரண்டும் சேரும் கோடு மறைந்தே போகும். என்னுடையதில், முன்பு திறந்தவர் அந்தத் தகட்டை ஏதோ ஒரு கத்தி முனையால் நெம்பியிருந்தார். அதைக் கழற்றும் முறை வேறு. திருகாணிகளை எடுத்துவிட்டு, கைப்பிடிச் சட்டத்தை ஒரு கருவியின் மரப்பிடியால் மெல்லத் தட்டினால், அதிர்விலேயே தகடு தானாக எழும்பி வரும். நெம்பிய தழும்பு கோட்டின் ஓரத்தில் இன்னும் ஓர் எறும்பின் அளவுக்குத் தெரிகிறது.

பெட்டி திரும்பி வந்த அன்று, நிறத்தைப் பார்ப்பதற்கு முன் சிலிண்டரைத்தான் சோதித்தேன். ஆறு அறைகளும், கட்டைவிரல் தடையோடு, சுத்தியல் நிற்பதற்கு முன்பே பூட்டின. ஆட்டத்தை அளக்கத் தகடுகளைச் செருகினேன்: முன்னால் தள்ளினால் 0.20, பின்னால் அழுத்தினால் முன்போலவே 0.25. சுத்தியலிலும் விசையிலும் இருந்த நீலத்தை எடுத்துவிட்டிருந்தார்கள். பழைய மேக நிறம் வரவில்லை, வெறும் சாம்பல்தான், ஆனாலும் பார்க்க நிம்மதியாக இருந்தது. தேய்ந்த 'ஹேண்ட்' ஒரு சிறு பிளாஸ்டிக் உறையில் கூடவே வந்திருந்தது. விளக்கின் கீழ் வைத்துப் பார்த்தால் அதன் ஓரத்தில் நகக்கண் அளவுக்கு ஒரு பளபளப்பு. பக்கத்தில் நின்றவர் கன்னத்தைத் தடவிக்கொள்ள அவ்வளவு தேய்மானம் போதுமானதாக இருந்திருக்கிறது.

மரக் கைப்பிடிகளைத் திரும்பப் பொருத்தியபோது கீழ் மூலையில் மரம் இரும்பைவிட மயிரிழை அளவு துருத்திக்கொண்டு நின்றது. இரண்டு முறை மெருகு கண்ட இரும்பு சுருங்கியிருக்கிறது, மரம் சுருங்கவில்லை. மரத்தை இழைத்துச் சரிசெய்து தருவதாக ஒரு நண்பர் சொன்னார், நான் விடவில்லை.

மூன்றாவது வாரத்தில் சிலிண்டரைச் சுற்றி, புது நீலத்தின்மேல் நூல் போல மெல்லிய ஒரு வெள்ளைக் கோடு விழத் தொடங்கியது. முதலில் பதறிவிட்டேன். பிறகுதான், இந்த நிறுவனத்தின் இரட்டைச் செயல் ரிவால்வர்களில் (விசையை இழுத்தாலே சுத்தியலும் பின்னால் போகும் ரகங்களில்) சிலிண்டரைப் பூட்டும் நிறுத்தி, விசையை இழுக்கத் தொடங்கியதும் கீழிறங்கி உடனே மேலெழுந்து, அடுத்த பள்ளம் வரும்வரை சிலிண்டரை உரசிக்கொண்டே போகும் என்பது நினைவுக்கு வந்தது. வடிவமைப்பே அப்படி, எவ்வளவு சரியாகப் பொருத்தினாலும் அந்தக் கோடு விழும். இப்போது அது சிலிண்டரை முழுச் சுற்றாகச் சுற்றி வந்துவிட்டது. வாரம் ஒரு முறை அதன்மேல் ஒரு சொட்டு எண்ணெய் தடவுகிறேன்.