சாய்சதுரம் என்னைக் கவிழ்த்த கதை

கிளிநொச்சியில் தறப்பாள் கொட்டிலுக்குள் இருந்து சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்தபோது, கணிதத்தில் என்னைக் கவிழ்த்தது கணக்கு அல்ல, ஒரு சொல். சதுரத்தைச் சரித்து வைத்தால் சாய்சதுரம் என்று நம்பியிருந்தேன். பெயரே அப்படித்தானே சொல்கிறது! மாதிரி வினாத்தாளில் சதுரத்தை மூலையில் நிறுத்திக் கீறி, சாய்சதுரத்தின் மூலைவிட்டங்கள் சமம் என்று துணிந்து எழுதினேன். முழுவதற்கும் சிவப்புக் கோடு.

அன்று மாலை அண்ணா விளக்குமாற்றிலிருந்து நான்கு ஈர்க்குகளை உருவி, ஒரே அளவாக முறித்து, நுனிகளை நூலால் கட்டித் தந்தார். "சதுரமாகப் பிடி. இப்போது ஒரு மூலையைத் தள்ளு." பக்கங்கள் அப்படியே இருந்தன. ஒரு மூலைவிட்டம் நீண்டது, மற்றது குறுகியது. சாய்வது படம் அல்ல, கோணம். நான்கு பக்கமும் சமமான நாற்பக்கல்தான் சாய்சதுரம். தள்ளாவிட்டாலும் நான்கு பக்கமும் சமம்தான்; ஆகவே சதுரமும் சாய்சதுரத்தில் ஒரு வகை.

அதன்பின் சொற்களைச் சும்மா விடுவதில்லை. ஆங்கிலத்தில் சாய்சதுரத்தைக் குறிக்கும் 'ரொம்பஸ்', சுழல்வதைக் குறித்த கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. கயிற்றில் கட்டிச் சுழற்றினால் முழங்கும் பலகைத் துண்டுக்கும் கிரேக்கர் அந்தப் பெயரையே வைத்திருந்தார்கள். பறக்கும் பட்டத்தில் கட்டிய விண் என்ற நார் காற்றில் கூவுவதைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அது மறக்காது. தொண்டை நோவுக்குச் சூப்பும் 'லொசெஞ்ச்' கூட இந்த வடிவத்தின் பெயர்தான். முன்பு அப்படி வெட்டினார்கள், இப்போது வட்டமாக வந்தாலும் பெயர் போகவில்லை. ஆங்கிலேயர் இவ்வடிவத்தை 'டயமண்ட்' என்பார்கள். அதன் கிரேக்க வேர் 'அடக்க முடியாதது' என்று பொருள்படும். நாமும் வைரம் பாய்ந்த முதிரை மரம் என்கிறோம். அங்கும் பேச்சு உறுதியைப் பற்றியது, வடிவத்தைப் பற்றியது அல்ல.

ஓர் உரு சாய்சதுரம் என்று நிறுவும் வினாவில் மூலைவிட்டங்கள் செங்குத்து என்று மட்டும் காட்டி நிறுத்தாதீர்கள். அடுத்தடுத்த பக்கங்கள் இரண்டிரண்டாகச் சமமாக உள்ள 'பட்டம்' என்ற உருவுக்கும் அது பொருந்தும். முதலில் எதிர்ப்பக்கங்கள் சமாந்தரமான இணைகரம் என்று நிறுவி, அடுத்துள்ள இரு பக்கங்கள் சமம் என்று காட்டுங்கள். மண்டபத்துக்குள் ஈர்க்கு கொண்டுபோக முடியாதுதான். இரு கைகளின் பெருவிரல் நுனிகளையும் சுட்டுவிரல் நுனிகளையும் சேர்த்துப் பாருங்கள்: பெருவிரல்கள் இரண்டும் சமம், சுட்டுவிரல்கள் இரண்டும் சமம், ஆனால் பெருவிரல் குட்டை. நடுவில் தெரிவது பட்டம், சாய்சதுரம் அல்ல.