சக்கரத்துக்கு அடியில் ஒரு கல்

செப்டம்பர் 3, செவ்வாய்

ஆஸ்பத்திரியில் அப்பா தூங்குகிறார். வலது கை போர்வைக்கு வெளியே கிடக்கிறது. இரண்டு தடவை எடுத்து உள்ளே வைத்தேன்.

செப்டம்பர் 4, புதன்

பேச்சு வந்துவிட்டது என்று அம்மா வராந்தாவுக்கு ஓடி வந்தாள். போய்ப் பார்த்தால் ஒரே ஒரு சொல்தான். "கல்லு." தண்ணி வேணுமாப்பா? கல்லு. எங்கேயாச்சும் வலிக்குதா? கல்லு. நான் யாருன்னு தெரியுதா? முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கண் கலங்கி, கல்லு.

பக்கவாதத்தில் மூளையின் இடது பக்கம் அடிபட்டால் இப்படி ஏதாவது ஒரு சொல் நாக்கில் ஒட்டிக்கொள்வது உண்டு, அதற்கு அர்த்தம் தேட வேண்டாம் என்றார் டாக்டர். அவர் நகரும்வரை தலையாட்டிவிட்டு அம்மா என் பக்கம் திரும்பினாள். "வண்டிக்கு அண்டக் குடுக்குற கல்லக் கேக்குறாரு. நீ போடிக்குப் போயி ஒரு எட்டு பாத்துட்டு வா."

செப்டம்பர் 5, வியாழன்

கல் இருக்கிறது. எங்கள் ஜீப்பின் பின்சக்கரத்துக்கு அடியில், எப்போதும் கிடக்கிற அதே கருங்கல், டயர் படும் பக்கம் மட்டும் வழவழவென்று. போட்டோ எடுத்துக்கொண்டு மறுபடி ஆஸ்பத்திரி இருக்கிற க.விலக்குக்குப் பஸ் பிடித்தேன். காட்டினேன். இடது கையால் போனைத் தட்டிவிட்டார்.

செப்டம்பர் 8, ஞாயிறு

பின்தெரு மாமாவின் ஜீப்பைக் காணோம்.

நேற்றுச் சதுர்த்தி. ராத்திரி வரைக்கும் மைக் செட். அந்தச் சத்தத்தில் தெருவையே தூக்கிக்கொண்டு போயிருந்தாலும் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. ஜீப் நின்ற இடத்தில் ஆயில் சொட்டிய கறை. மாமா அதன் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். ஸ்டீயரிங்கில் சங்கிலி போட்டு, பேட்டரி வயரைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் படுத்தாராம்.

எனக்கு அந்த இரண்டும் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. சங்கிலி இரும்பு. ஆனால் சங்கிலி மாட்டிய ஸ்டீயரிங் வளையத்தை ஹேக்ஸா பிளேடு வைத்து அறுக்க எவ்வளவு நேரமாகும்? பேட்டரி விஷயம் இன்னும் மோசம். பழைய டீசல் ஜீப் ஓடுவதற்குக் கரண்டே வேண்டாம். பம்ப் எஞ்சினோடு சுற்றுகிறது, அமுக்கத்தின் சூட்டில் டீசல் தானாகப் பற்றுகிறது. நிறுத்துவதற்குக்கூடக் கம்பியைப் பிடித்து இழுக்கிறோமே தவிர, சாவியைத் திருப்புவதில்லை. சரிவில் நிற்கிற வண்டியைக் கல்லை எடுத்துவிட்டு உருளவிட்டு, செகண்ட் கியரில் கிளட்சை விட்டால் போதும். நம் தெருவின் சரிவுதான் அதற்குச் சாவி. சின்ன வயதில் பேட்டரி இறங்கிய நாளெல்லாம் நானும் அப்பாவும் செய்ததுதானே இது.

எங்கள் கமாண்டர் ஜீப் 1998 மாடல். சாவி தேய்ந்து தேய்ந்து இப்போது டிரங்குப் பெட்டிச் சாவி போட்டாலும் திரும்புகிறது. பானெட்டுக்கு வெளியிலேயே இரண்டு கொக்கி, யார் வேண்டுமானாலும் திறக்கலாம். கதவு கிடையாது. இத்தனை வருஷம் இதை ஒருவனும் ஏன் தொடவில்லை என்பதுதான் ஆச்சரியம்.

செப்டம்பர் 9, திங்கள்

மாமாவோடு ஸ்டேஷன். எஃப்.ஐ.ஆரில் திருட்டுக்குப் பிரிவு 303(2) என்று இருந்தது. 379 இல்லையா என்று மாமா கேட்டார். ஜூலை 1 முதல் சட்டமே மாறிவிட்டது என்றார் எழுதினவர். "நம்பர் மாறுனா வண்டி வந்துருமா?" என்று வெளியே வந்த பிறகு மாமா என்னிடம் கேட்டார், நான்தான் மாற்றினமாதிரி.

டீக்கடையில் எல்லாரும் ஆளுக்கொரு வழி சொன்னார்கள். முந்தல் வழியாக 17 வளைவும் ஏறிக் கேரளாவுக்குப் போயிருக்கும் என்று ஒருவர். மலைக்கு எதற்கு, காயலாங்கடையில் எஞ்சின் தனி, கியர்பாக்ஸ் தனி, ஆக்சில் தனியாகப் பிரிந்து கிடக்கும் என்று இன்னொருவர். அவர் சொன்னபோது மாமா டம்ளரை வைத்துவிட்டு எழுந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து எங்கள் இன்சூரன்ஸ் தாளைத் தேடி எடுத்தேன். தேர்ட் பார்ட்டி மட்டும். திருடு போனால் ஒரு பைசா வராது.

செப்டம்பர் 10, செவ்வாய்

ராத்திரி ஒன்றரை. மொபைலில் படித்தது: வண்டிகளைச் சோதிக்கும் ஏ.ஆர்.ஏ.ஐ. நிறுவனத்தின் ஒப்புதல் பெற்ற திருட்டுத் தடுப்புக் கருவி பொருத்தினால் பிரீமியத்தில் இரண்டரை சதவீதம் தள்ளுபடி, அதிகபட்சம் 500 ரூபாய். அதுவும் சொந்தச் சேதப் பகுதிக்கு மட்டும். எங்களுக்கு அந்தப் பகுதியே இல்லை, எதில் இரண்டரை?

நாய் குரைத்தது. போய்ப் பார்த்தேன். கல் இருக்கிறது.

செப்டம்பர் 11, புதன்

தேனியில் வாங்கியது: கிளட்ச் பெடலையும் பிரேக் பெடலையும் சேர்த்துக் கவ்வும் பூட்டு, பானெட் கொக்கிகளுக்கு இரண்டு திண்டுக்கல் பூட்டு, ஸ்டெப்னிக்கு ஒரு சங்கிலி. கடைக்காரர் ஸ்டீயரிங் பூட்டைக் காட்டினார், சிவப்பாக, நீளமாக, பார்க்க மிரட்டலாக. வேண்டாம் என்றேன். பெடலை அறுக்கக் கீழே தலைகீழாகக் குனிய வேண்டும், கை வீச இடமில்லை. ஸ்டீயரிங்கை உட்கார்ந்தபடியே அறுக்கலாம். இதையெல்லாம் இவ்வளவு தெளிவாக யோசிக்கிறேனே, நான் நல்ல களவாணியாக வந்திருப்பேன்.

ஆஸ்பத்திரியில் அப்பாவிடம் பூட்டைக் காட்டினேன். கையில் வாங்கி எடை பார்த்தார். கல்லு என்றார், கேலியாகத்தான் என்று தோன்றியது.

செப்டம்பர் 13, வெள்ளி

தோட்டத்துக்கு ஆள் ஏற்றிவிடும் கங்காணி காலை நாலே முக்காலுக்குப் போன் செய்தார். ஏலக்காய் எடுப்பு சீசன், பூப்பாறைக்கு ஆள் நிற்கிறது, வண்டி வருமா? லீவு போட்டு வந்த எனக்கும் பணம் கரைகிறது. டிரைவர் ஒருவரைப் பேசி, பூட்டெல்லாம் திறந்து (ஏழு நிமிஷம்), ஸ்டார்ட் செய்தோம். ஒரே அடியில் பிடித்தது. அம்மா பக்கத்தில் இருந்திருந்தால் கும்பிட்டிருப்பாள்.

தெருமுனை தாண்டியதும் இருமியது. நின்றுவிட்டது. அப்புறம் எவ்வளவு அடித்தும் பிடிக்கவில்லை. ஆறு பேர் தள்ளி வீடு வந்து சேர்ந்தது.

செப்டம்பர் 14, சனி

பம்பாக இருக்கும் என்கிறார்கள். பம்ப் என்றால் செலவு.

செப்டம்பர் 15, ஞாயிறு

அப்பாவுக்கு இடது கையில் ஸ்பூன் பிடிக்க வருகிறது. வலது கால் கட்டைவிரல் லேசாக அசைந்ததாக அம்மா சொல்கிறாள். நான் பார்த்தபோது அசையவில்லை.

செப்டம்பர் 17, செவ்வாய்

கண்டுபிடித்தாயிற்று. எழுதும்போதும் கை நடுங்குகிறது, சிரிப்பா அழுகையா தெரியவில்லை.

பட்டறை அண்ணன் முதலில் ஃபில்டர் மேல் போல்ட்டைத் தளர்த்திவிட்டுக் கைப்பம்பை அமுக்கினார். நுரை வந்தது. காற்று என்றார். அமுக்க அமுக்க நுரைதான், டீசல் வரவில்லை. டேங்கில் பாதி இருக்கிறது. பம்ப் பக்கத்திலிருந்து குழாயைக் கழற்றி டேங்கை நோக்கி ஊதச் சொன்னார், ஊதினேன், கன்னம் உப்பியது, காற்று போகவில்லை. "நடுவுல எங்கியோ அடைச்சிருக்கு தம்பி." குழாயைத் தடவிக்கொண்டே வண்டிக்கு அடியில் போனவர் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் அடியிலிருந்து சிரிப்பு.

டிரைவர் சீட்டுக்கு இடப்பக்கம், கால்மிதியைத் தூக்கினால், தகரத்தில் தீப்பெட்டி அளவுக்கு ஓர் ஓட்டை. விரலை விட்டால் டீசல் குழாயில், திறந்து மூடுகிற ஒரு பித்தளைக் காக். ஆடிச் சத்தம் போடாமல் இருக்கச் சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றியிருக்கிறார் அப்பா. கைப்பிடி கால் வட்டம் திரும்பும். கிரீஸ் வைத்து, விரல் பட்டுப் பட்டுப் பளபளவென்று. மூடியிருந்தது.

"களவாணிக்குக் களவாணியா யோசிச்சிருக்காரு உங்கப்பா. எடுத்தவுடனே பிடிக்காம இருந்தா திருடன் அங்கயே நோண்டுவான். இது பிடிச்சு, ஃபில்டர்ல இருக்குற டீசல் தீர்ற வரைக்கும் ஓடி, நடுரோட்ல நிக்கும். போட்டுட்டு ஓடிருவான்."

எத்தனை வருஷமாக? அம்மாவுக்குத் தெரியாது. நான் பத்தாவது படிக்கும்போது ஓட்டக் கற்றுக்கொடுத்தார். ஒவ்வொரு தடவையும், "இரு, நான் மொத உக்காருறேன்" என்று ஏறி உட்கார்ந்து, சீட்டைச் சரிசெய்கிற மாதிரி குனிந்துவிட்டு இறங்குவார். சீட்டில் ஒன்றுமே சரிசெய்ய இல்லை என்று எனக்கு அப்போதே தோன்றும்.

அன்றைக்கு ராத்திரி தலை சுற்றுகிறது என்று படுக்கும் முன்னாலும் மூடிவிட்டுத்தான் வந்திருக்கிறார்.

செப்டம்பர் 18, புதன்

காலை இரண்டு தடவை ஓட்டைக்குள் விரல் விட்டுப் பார்த்தேன். சும்மாதான்.

செப்டம்பர் 19, வியாழன்

அண்ணன் போன் செய்தார். "பட்டறையில நாலு பயலுக பாத்துட்டாங்க தம்பி. அவனுக நல்லவனுகதான். ஆனா வாய் இருக்குல்ல." காக்கின் இடத்தை மாற்றச் சொல்கிறார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

செப்டம்பர் 21, சனி

ஜி.பி.எஸ். வந்தது. சிம் போட்டு, டாஷ்போர்டுக்கு உள்ளே. மொபைலில் நீலப் புள்ளியாக எங்கள் தெரு. ஆஸ்பத்திரிப் படுக்கையில் உட்கார்ந்து புள்ளியைக் காட்டினேன். நகரவில்லை பாருங்கப்பா. ரொம்ப நேரம் பார்த்தார்.

சிக்கல்: பேட்டரியைத் துண்டிக்கும் சுவிட்ச் போட்டால் ஜி.பி.எஸ்ஸுக்கும் கரண்டு போய்விடும். உள்ளே இருக்கிற குட்டிப் பேட்டரி அதிக நேரம் தாங்காது. சுவிட்சுக்கு முன்னாலேயே வயர் எடுத்தால், ஓடாத வண்டியின் பழைய பேட்டரியை அது கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கும். ஒரு காவலுக்கு இன்னொரு காவல் எதிரி. கடைசியில் சுவிட்ச் வேண்டாம் என்று முடிவு செய்தேன். சரிவில் அதனால் பிரயோஜனமும் இல்லை.

செப்டம்பர் 22, ஞாயிறு

எழுதவே கூச்சமாக இருக்கிறது.

நேற்று இன்னொரு யோசனை வந்தது. நாலு சக்கரத்துக்கும் இழுவை பிரித்துக்கொடுக்கும் சின்ன லீவரை நியூட்ரலில் போட்டு, அதன் குமிழையும் கழற்றி எடுத்துவிட்டால், எவன் ஏறி எந்தக் கியர் போட்டாலும் எஞ்சின் சுற்றுமே தவிர வண்டி நகராது. உருட்டிக் கிளப்பவும் முடியாது. செலவில்லாத பூட்டு. செய்துவிட்டுப் பெருமையாகப் படுத்தேன்.

எஞ்சினால் வண்டியை இழுக்க முடியாது என்றால், கியரால் வண்டியைப் பிடித்து நிறுத்தவும் முடியாது. அது மண்டையில் ஏறவில்லை. ஹேண்ட்பிரேக் பெயருக்குத்தான். மழை தூறிக்கொண்டிருந்ததால் கல்லை அண்டக் கொடுக்காமல் உள்ளே ஓடி வந்துவிட்டேன். மூன்று மணிக்கு டமால். ஜீப் தானாக இறங்கி, பைப்படியில் துணி துவைக்கிற கல்லில் முட்டி நின்றிருந்தது. பம்பர் நெளிந்தது. ஒருவரும் அங்கே படுத்திருக்கவில்லை. கோடையில் எதிர்வீட்டுத் தாத்தா அங்கேதான் கட்டில் போடுவார்.

மொபைலில் ஜி.பி.எஸ். அனுப்பிய செய்தி: வாகனம் நகர்கிறது.

செப்டம்பர் 26, வியாழன்

அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார். ஆட்டோவிலிருந்து இறக்கும்போது முதலில் பார்த்தது பம்பரை. அப்புறம் என்னை.

செப்டம்பர் 29, ஞாயிறு

பின்தெரு மாமா வந்து அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். வண்டி இன்னும் கிடைக்கவில்லை. அப்பா இடது கையால் அவர் முழங்காலைத் தட்டிக்கொண்டே இருந்தார். இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

அக்டோபர் 2, புதன்

காக்கின் இடத்தை மாற்றியாயிற்று. எங்கே என்று இங்கே எழுதப் போவதில்லை. பட்டறையில் செய்யவில்லை, அண்ணன் ராத்திரி வீட்டுக்கே வந்து, டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு மாட்டிக் கொடுத்தார். நான், டிரைவர், அண்ணன், மூன்று பேருக்குத்தான் தெரியும். கை எட்டுகிற இடம் இல்லை, இறங்கிக் குனிய வேண்டும்.

பழைய ஓட்டையை அடைக்கவா என்றார். இருக்கட்டும் என்றேன்.

அக்டோபர் 5, சனி

புதிய டிரைவரோடு முதல் வாரம். காலை ஐந்துக்குக் கிளம்பினால் சாயங்காலம் வரும். நீலப் புள்ளி வளைவு வளைவாக மேலே ஏறுவதை அப்பா மொபைலைப் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருக்கிறார். சிக்னல் இல்லாத இடத்தில் புள்ளி நின்றுவிடும். அப்போதெல்லாம் சாப்பாடு இறங்காது.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. ஜீப்பைக் கழுவி, சந்தனம், குங்குமம், வாழைக்கன்று. அப்பாவை டிரைவர் சீட்டில் உட்கார வைக்க வேண்டும் என்று அம்மா ஒரே பிடிவாதம். நாங்கள் இரண்டு பேர் தூக்கி ஏற்றினோம். வலது காலை நான் எடுத்து உள்ளே வைத்தேன்.

உட்கார்ந்தார். ஸ்டீயரிங்கைத் தொடவில்லை. இடது கை நேராகக் கீழே போனது. கால்மிதியைத் தூக்கி, பார்க்காமலே, விரல் ஓட்டைக்குள் போனது. துழாவியது. வெளியே எடுத்து மறுபடி விட்டார்.

"காக்கோட இடத்த மாத்திட்டேன்பா. நாலு பேருக்குத் தெரிஞ்சுபோச்சு, அதான்."

விரலை எடுக்கவில்லை. டிரைவர் கீழே குனிந்து திறந்துவிட்டு வந்து, வெளியிலிருந்தே கையை நீட்டி ஸ்டார்ட் செய்தான். எஞ்சின் ஓடியது. எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்ற வேண்டும், அதற்கு அப்பா இறங்க வேண்டும். இறங்க மாட்டேன் என்கிறார். அம்மா கற்பூரத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாள், சுடுகிறது சுடுகிறது என்கிறாள்.

"இரு," என்றார்.

அம்மாவுக்குக் கேட்கவில்லை. எனக்குக் கேட்டது. திரும்பச் சொல்லச் சொன்னால், கல்லு.

அக்டோபர் 12, சனி

நாளைக்கு ரயில். வெயிட்டிங் லிஸ்ட் 9. ஜி.பி.எஸ். சிம்முக்கு ரீசார்ஜ் தேதி 15.