ஏ.டி.வி. வின்ச்சுக்கு டைனீமா கயிறு: கண் ஸ்ப்ளைஸ் தாங்கிவிட்டது

வவுணதீவுப் பக்கம் வட்டைப் பாதையில் (வயல் பாதையில்) என் ஏ.டி.வி. வண்டி, எந்தத் தரையிலும் ஓடும் நாலு சில்லு வண்டி, அச்சு மட்டத்துக்குச் சேற்றில் இறங்கிவிட்டது. வின்ச் (கயிற்றை டிரம்மில் சுற்றி இழுக்கும் மோட்டார்) முனகி முனகி இழுத்தது, 5 மில்லிமீற்றர் டைனீமாக் கயிறு (மிகப் பலமான பொலித்தீன் இழைக் கயிறு) விறைத்து நின்றது, வண்டி வெளியே வந்தது. வந்ததும் நேரே போய்ப் பார்த்தது கொக்கிப் பக்கத்துக் கண்ணைத்தான், அதாவது கயிற்றின் வாலை அதன் உள்ளேயே செருகி (ஸ்ப்ளைஸ் செய்து) எடுத்த வளையத்தை. வால் உள்ளே நுழையும் வாயில் குறுக்காக ஒரு மைக்கோடு போட்டு வைத்திருந்தேன். வால் வழுக்கியிருந்தால் கோடு இரண்டாகப் பிரிந்திருக்கும். கோடு போட்டபடியே இருந்தது. அந்தச் சந்தோஷத்தில்தான் இதை எழுதுகிறேன்.

கம்பிக் கேபிளை ஏன் கழற்றினேன் என்று வின்ச் வைத்திருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் எங்கள் ஊருக்கென்று ஒரு காரணம் உண்டு. கல்லடியில் ஒரு பக்கம் கடல், மறு பக்கம் வாவி. நாகம் (துத்தநாகம்) பூசிய கேபிள் என்றாலும் உப்புக்காற்று விடாது. முதலில் வெள்ளைத் தூள் பூக்கும், பிறகு செந்துரு, அதற்குப் பிறகு இழைகள் ஒவ்வொன்றாக அறுந்து முள்ளாக நிற்கும். கையுறை போட்டாலும் குத்தும். பாரமும் சும்மா இல்லை: 5 மி.மீ. கேபிள் 15 மீற்றர் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ. அதே தடிப்பில் டைனீமா வகைக் கயிறு கால் கிலோகூட வராது. தண்ணீரில் மிதக்கும். நல்ல கயிறு என்றால் 2 தொன்னுக்கு மேல் தாங்கும். என் வின்ச் 2500 இறாத்தல், அதாவது 1134 கிலோதான். அதற்கு இது போதும்.

கயிறு கிடைத்ததுதான் பெரிய பாடு. இணையத்தில் ஒருவரிடம் எடுத்த முதல் கயிறு பார்வைக்கு அழகு, நீல நிறம், பளபளப்பு. இரண்டு கையாலும் பிடித்து எதிரெதிரே தள்ளிப் பார்த்தேன். உள்ளே வேறொரு நூல்கட்டு இருந்தது. வின்ச்சுக்கு வேண்டியது உள்ளே வெறுமையான 12 புரிப் பின்னல். தள்ளினால் புரிகள் விரிந்து நடுவில் குகை தெரிய வேண்டும். உள்ளே கரு இருந்தால் நான் சொல்லப்போகும் ஸ்ப்ளைஸ் நடக்கவே நடக்காது. பணமும் திரும்பவில்லை. தண்ணீரில் போட்டுப் பார்ப்பது நல்ல சோதனை என்றாலும் அது பாதிச் சோதனைதான். நைலோனும் பொலியெஸ்டரும் தாழும், சரி. ஆனால் சாதாரண பொலிப்ரொப்பிலீன் கயிறும் மிதக்கும். அதனால் இரண்டு மீற்றரைக் கட்டித் தொங்கவிட்டு, ஒரு ஆள் பாரம் ஏற்றி, நீட்சியைப் பாருங்கள். பொலிப்ரொப்பிலீன் கண்ணுக்குத் தெரிய நீளும். டைனீமா வகை அறுந்துபோகும் கட்டத்தில்கூட 3, 4 வீதத்துக்கு மேல் நீளாது. தொட்டால் மெழுகு தடவிய மாதிரி வழுக்கும். கடைசியில் கொழும்பில் பஞ்சிகாவத்தைப் பக்கம் ஏறி இறங்கி 20 மீற்றர் வாங்கினேன். வின்ச்சுக்கு 15, பயிற்சிக்கு 5.

அந்த வழுக்கல்தான் எல்லாவற்றுக்கும் மூலம். வாழைச்சேனைத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் கயிறு வேலை செய்யும் ஒரு மாமாவிடம் காட்டினேன். விரலால் உருட்டிப் பார்த்துவிட்டு, "மகன், இது வழுக்கிற கயிறு. முடிச்சுப் போட்டா நிக்காது, பின்னித்தான் எடுக்கணும்" என்றார். உண்மை. முடிச்சுப் போட்டால் ஒன்று வழுக்கி அவிழும், இல்லையென்றால் முடிச்சின் வளைவில் கயிற்றின் பலம் பாதியளவுக்கு விழும். ஸ்ப்ளைஸைத் தவிர வேறு வழி கிடையாது.

சரி, இனி அந்தக் கண்.

வேலையின் சாரம் இதுதான். கயிற்றின் வாலைத் திருப்பி அதே கயிற்றின் வயிற்றுக்குள் விட வேண்டும். இழுக்கும்போது வெளிப்பின்னல் ஒடுங்கி உள்ளே இருக்கும் வாலை இறுக்கும். எவ்வளவு இழுக்கிறோமோ அவ்வளவு இறுகும். இதற்கு உள்ளே போகும் நீளம் முக்கியம். விட்டத்தைப் போல் 72 மடங்கு என்பது பரவலாக எடுக்கும் கணக்கு. 5 மி.மீ. கயிற்றுக்கு 360 மி.மீ. முக்கால் முழத்துக்குக் கொஞ்சம் மேல். "இவ்வளவு எதற்கு, ஒரு சாண் போதாதா" என்று பலர் கேட்டார்கள். போதாது. வழுக்கும் கயிறு, உராய்வு குறைவு, ஆகவே நீளம் வேண்டும்.

உள்ளே விடுவதற்கு முன் ப்ரம்மல் பூட்டு. வால் நீளக் கயிற்றைத் துளைத்துப் போக வேண்டும், பிறகு நீளக் கயிறு வாலைத் துளைத்துப் போக வேண்டும். மறுமுனை வெறுமையாக இருக்கும்போது இது லேசு. 15 மீற்றரையும் அந்த ஓட்டைக்குள்ளால் இழுத்துவிடலாம். டிரம்மில் பூட்டிய பிறகு என்றால் வாலை உட்புறம் வெளியே வரும்படி புரட்டிச் செய்யும் இன்னொரு முறை இருக்கிறது, அது தலைவலி. ஆகவே கண்ணை முதலில் முடியுங்கள், டிரம் அப்புறம். இந்தப் பூட்டுக்குப் பலம் இருக்கிறது என்று நினைப்பவர்கள் நிறைய. பாரத்தைத் தாங்குவது உள்ளே போன அந்த 360 மில்லிமீற்றர்தான். வண்டி ஓடும்போது கயிறு தொய்ந்து குலுங்கி வால் மெல்ல மெல்ல வெளியே வராமல் இருக்கத்தான் பூட்டு.

என்னை அதிகம் மினக்கெடுத்தியது கண்ணின் அளவு. திம்பிளை (கண் தேயாமல் அதற்குள் உட்காரும் உலோக வளையத்தை) சுற்றி நூல் வைத்து அளந்தால் ஒரு கணக்கு வரும். ஆனால் பூட்டு குறுக்கே போகும் இடத்தில் கயிறு கொஞ்சம் தின்னும், வால் உள்ளே போனதும் வெளிக்கயிறு தடித்துக் குறுகும். கண் சிறுத்தால் திம்பிளின் காது உள்ளே போகாது. பெருத்தால் திம்பிள் உள்ளே சுழன்று கயிற்றை உரஞ்சும். பயிற்சிக் கயிற்றில் செய்து செய்து பார்த்து, என் திம்பிளுக்கு நூல் அளவோடு கயிற்றின் இரண்டு விட்டம் கூட்டினால் இறுக்கமாக வருகிறது என்று பிடித்தேன். உங்கள் திம்பிளுக்கு வேறாக இருக்கலாம். மிஞ்சிய துண்டில் ஒருமுறை செய்து பார்க்காமல் நல்ல கயிற்றில் கை வைக்க வேண்டாம்.

ஊசிக்கு வருகிறேன். உள்ளே குகையான ஸ்ப்ளைஸ் ஊசி இங்கே எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை. வலை ஊசி அகலம், உதவாது. பழைய ரேடியோ ஏரியலைக் கழற்றினேன். அதன் ஒவ்வொரு கணுவும் பித்தளைக் குழாய்தான், நுனிக் கணுவைத் தவிர. 4 மி.மீ. வரும் கணுவை ஒரு சாண் நீளத்துக்கு அறுத்து, ஒரு முனையைத் தட்டி மொட்டையாக மூடி, அரத்தால் உருட்டி, நைசான சாண்ட்பேப்பரால் கண்ணாடிப் பளபளப்பு வரும்வரை தேய்த்தேன். சின்னப் பிசிறு இருந்தாலும் இழை அதில் மாட்டும், மாட்டினால் புரி வெளியே இழுபடும். திறந்த முனையில் கயிற்றின் வாலைச் செருகி டேப் சுற்றி, நீளக் கயிற்றைப் பிடித்துப் பின்னுக்குத் தள்ளித் தள்ளி விரித்துக்கொண்டே குழாயை நடத்தினால் அழகாகப் போகிறது. வெறுங்கம்பியை மடித்து இழுக்கும் முறையும் உண்டு. எனக்கு இந்த ஏரியல் ஊசிதான் கையில் நின்றது. இதைவிட நல்ல கருவி காசுக்கு வாங்கினாலும் வராது என்பது என் எண்ணம்.

வால் உள்ளே போகுமுன் அதன் கடைசி மூன்றில் ஒரு பங்கை, அதாவது 120 மில்லிமீற்றரை, மெலிதாக்க வேண்டும். 12 புரியில் ஆறு இடம் சுற்றும், ஆறு வலம் சுற்றும். பக்கத்துக்கு ஒன்றாக மாறி மாறி, கொஞ்சம் கொஞ்சம் தள்ளி வெட்டி எடுத்து, நுனியில் நான்கு புரி மட்டும் மிஞ்ச விட்டேன். இதைச் செய்யாவிட்டால் வால் முடியும் இடத்தில் கயிற்றுக்குள் ஒரு படி விழும். பாரம் முழுக்க அந்தப் படியில் கூடும், அறுந்தால் அங்கேதான் அறும். வெட்டுவதற்குச் சாதாரணக் கத்தரிக்கோல் வழுக்கிக்கொண்டு போகும். வெட்டும் இடத்தில் டேப் இறுக்கிச் சுற்றிப் புதுப் பிளேடால் பலகை மேல் வைத்து அறுத்தேன்.

கடைசியாகக் கண்ணிலிருந்து நீளக் கயிற்றுப் பக்கமாக இறுக்கி உருவிவிட்டால், வெளியே எட்டிப் பார்க்கும் வால் தானாக உள்ளே மறையும். வாயில் மீன்பிடிப் பிரேட் நூலால் குறுக்கும் மறுக்குமாகத் தைத்தேன். அது வாழைச்சேனையில் தாராளமாகக் கிடைக்கிறது.

டிரம் வேலை சுருக்கம். கம்பிக் கேபிளுக்கான குத்து ஸ்குரூவால் இந்தக் கயிற்றை இறுக்க வேண்டாம், அது கயிற்றைக் கடிக்கும். முனையில் லக் (துளையுள்ள உலோக முனை) அடித்துப் போல்ட்டில் மாட்டினேன். போல்ட்டு பாரம் தாங்குவதற்கல்ல. தாங்குவது டிரம்மில் எப்போதும் மிஞ்ச வேண்டிய சுற்றுகள். கேபிளுக்கு 5 சுற்று போதும் என்பார்கள், இது வழுக்குவதால் குறைந்தது 8, நான் 10 விடுகிறேன். அந்த இடத்தில் சிவப்பு நூல் தைத்திருக்கிறேன், தெரிந்தால் அதற்கு மேல் இறக்கக் கூடாது. சுற்றும் திசையையும் பார்த்துக்கொள்ளுங்கள். மாறினால் பிரேக் பிடிக்காது.

வின்ச்சுக்கு முன்னால் கயிற்றை வழிநடத்தும் ரோலரையும் கழற்றிவிட்டேன். கேபிள் அதில் போட்ட கோடுகள் புதுக் கயிற்றை ஒரே மாரியில் பிய்த்துவிடும். பதிலுக்கு அலுமினிய ஹோஸ், அதாவது கயிறு நுழைந்து வரும் வழவழப்பான வாய். ஏ.டி.வி.யின் போல்ட் இடைவெளி 124 மி.மீ., கடைக்காரர் பெரிய வண்டிக்கான 6 அங்குல இடைவெளி உள்ளதைத் தந்து "பூட்டலாம்" என்றார். பூட்ட முடியாது. அளந்து வாங்குங்கள்.

கயிற்றைச் சுற்றும்போது பாரம் இருக்க வேண்டும். தென்னையில் இழுவைப் பட்டை கட்டி, தம்பி வண்டியில் ஏறிப் பிரேக்கை லேசாகப் பிடிக்க, வண்டி தன்னையே இழுத்துக்கொண்டு போனது. தொய்வாகச் சுற்றினால் அடுத்த பெரிய இழுவையில் மேல் சுற்று கீழ்ச் சுற்றுகளுக்கிடையில் புதைந்து சிக்கும். இழுவைப் பலமும் அடுக்குக்கு அடுக்குக் குறையும். என் டிரம் 32 மி.மீ. முதல் அடுக்கில் கயிற்றின் நடுவரை விட்டம் 37, மூன்றாம் அடுக்கில் 57 என்று வைத்தால் 1134 கிலோ இழுவை 735 அளவுக்கு இறங்கிவிடும். அதனால் கஷ்டமான இடத்தில் கயிற்றை நிறைய இறக்கி, தூர மரத்தில் கட்டுவதே நல்லது.

கயிற்றின் பகை சூடு. ஏறக்குறைய 150 பாகையில் உருகிவிடும், 70ஐத் தாண்டினாலே கவலைப்பட வேண்டும். பல வின்ச்சுகளில் பிரேக் டிரம்முக்குள்ளேயே இருக்கிறது. பாரத்தோடு மோட்டாரால் இறக்கினால் அது கொதித்து முதல் அடுக்கை உருக்கும். வெறுங்கயிறு இறக்க கிளட்சை எடுத்துக் கையால் இழுத்துவிடுகிறேன். வட்டையிலிருந்து வந்ததும் வாளித் தண்ணீரில் அலசி நிழலில் காயப் போடுவதும் வழக்கமாகிவிட்டது. புரிக்குள் போன மணல் உள்ளிருந்தே அறுக்கும். கேபிள் போல் இது சீறிப் பாயாது என்றாலும் கொக்கி பறக்கும், ஆகவே நடுவில் நனைத்த சாக்கு போடுவதை விடவில்லை.

உரசல் உறை இன்னும் தைக்கவில்லை. அதற்குள் மனம் மென்சக்கிளுக்கு, அதாவது கயிற்றாலேயே செய்யும் சக்கிளுக்கு, போய்விட்டது. மிச்சக் கயிற்றில் வைர முடிச்சுப் போட்டு இரும்புச் சக்கிளுக்குப் பதில் பூட்டுவதற்கு. முடிச்சின் வடிவம் கைக்கு வந்துவிட்டது, இறுக்குவதுதான் இன்னும் சமனாக வரவில்லை. அதைவிட அவசரம் நங்கூரம். படுவான்கரையில் வாய்க்கால் கரை மருதை கிடைத்தால் அதிர்ஷ்டம், நடு வட்டையில் கட்ட ஒன்றுமே இல்லை. ஒன்றன்பின் ஒன்றாக அடித்து ஒன்றையொன்று பின்னிழுத்துக் கட்டும் இரும்பு முளைகள் மூன்று, லேத்துக் கடை அண்ணனிடம் சொல்லியிருக்கிறேன். பெரும்போக விதைப்புக்கு முன் தந்தாரென்றால் ஈர மண்ணில் எவ்வளவு பிடிக்கிறது என்று பார்த்துவிடலாம். மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் 6 மி.மீ. வெறுமைப் பின்னல் மீற்றர்க் கணக்கில் விற்கும் கடை யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள், பஞ்சிகாவத்தைக்கு இன்னொருமுறை பஸ் ஏற மனமில்லை.