கலேயில் இறங்கிப் பார்க்கலாமா?

மே 16, வியாழன்

பாரிஸில் இருக்கும் நம் ஆட்களில் பிரான்ஸின் வடகரைத் துறைமுகமான கலேயின் பெயர் தெரியாதவர் இருக்க முடியாது. லண்டனில் கல்யாணம், சாமத்திய வீடு, செத்தவீடு என்று எது வந்தாலும் விடியற்காலையில் காரை எடுத்து, கலேயில் கப்பலிலோ சுரங்க ரயிலிலோ ஏற்றி, அந்தப் பக்கம் போய்விடுகிறோம். ஊருக்குள் யாரும் போவதில்லை. நெடுஞ்சாலை நேரே துறைமுகத்துக்குள் கொண்டுபோய் விடுவதால் போகத் தேவையும் வருவதில்லை. இந்த முறை பெந்தெகொஸ்தே விடுமுறையோடு லீவும் சேர்த்துப் போட்டு, கலேக்கு மட்டும் என்று டிக்கெட் எடுத்தேன். லண்டனில் இருக்கும் அக்காவிடம் சொன்னேன். "அங்க என்னடி கிடக்கு பாக்க?" என்று கேட்டாள். அவள் கேட்டது நியாயமான கேள்வி. பதிலை இங்கே நாள் நாளாக எழுதிவைக்கிறேன்.

ரயிலில் வருகிறவர்கள் ஒன்றைக் கவனித்துக்கொள்ளுங்கள். கலே-ஃப்ரெத்தன் நிலையம் ஊருக்கு வெளியே வயல்களுக்கு நடுவில் இருக்கிறது. கலே-வில் நிலையத்தில் இறங்கினால் கொஞ்ச தூர நடையிலேயே நகரசபைக் கட்டடம் வந்துவிடும். நகரப் பேருந்துகளுக்கு 2020இலிருந்து கட்டணமே இல்லை, ஏறி உட்கார வேண்டியதுதான்.

முதல் பார்வைக்கு அழகான ஊர் என்று சொல்ல மாட்டேன். பழைய ஊர் இருந்த வடக்குப் பகுதி 1940 மே மாதம் ஜெர்மானியர் போட்ட முற்றுகையிலும் அதற்குப் பிறகு விழுந்த குண்டுகளிலும் ஏறக்குறைய தரைமட்டமாகிவிட்டது. இப்போது நிற்பவை போருக்குப் பிறகு அவசர அவசரமாக எழுப்பிய நான்கு மாடிக் குடியிருப்புகள். பழைய சதுக்கமான பிளாஸ் தார்மின் ஓரத்தில் ஒரு மத்தியகாலக் காவற்கோபுரம் மட்டும் தப்பியிருக்கிறது.

சாயங்காலம் கடற்கரைக்குப் போனேன். அகலமான மணல், வெள்ளை மரக் குடில்கள் வரிசையாக. துறைமுக வாய் பக்கத்திலேயே இருப்பதால் இங்கிலாந்தின் டோவர் துறைமுகத்துக்குப் போய்வரும் கப்பல்கள் கண்ணுக்கு முன்னால் திரும்புகின்றன. எட்டு மாடி உயரத்துக்கு ஒரு வெள்ளைச் சுவர் நகர்ந்து போகிறது, மணலில் விளையாடும் பிள்ளைகள் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. நான் வறுத்த உருளைக்கிழங்குப் பொட்டலத்தை வைத்துக்கொண்டு இருட்டும்வரை கப்பல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மே 17, வெள்ளி

லேஸ் அருங்காட்சியகம். கலேயில் ஒன்றே ஒன்றுதான் பார்க்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் பாருங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தொழிற்சாலை ஒன்றைப் புதுப்பித்து 2009இல் திறந்தார்கள்.

நான் லேஸ் என்றால் மென்மையான கைவேலை என்றே எண்ணியிருந்தவள். கீழ்த்தளத்தில் லேஸ் நெய்யும் லீவர்ஸ் தறியை ஓட்டிக் காட்டினார்கள். பத்து டன்னுக்கு மேல் எடையுள்ள வார்ப்பிரும்பு இயந்திரம். ஓடத் தொடங்கியதும் தரை அதிர்கிறது, பக்கத்தில் நிற்பவரோடு பேச முடியாது. ஆயிரக்கணக்கான நூல்கள் மேலிருந்து கீழே இழுபட்டு நிற்கின்றன, அவற்றின் இடுக்குகளில் நாணயத்தைவிட மெல்லிய பித்தளை வட்டுகள் முன்னும் பின்னும் ஊசலாடி நூலை நூலோடு முறுக்குகின்றன. எந்த நூல் எப்போது நகர வேண்டும் என்பதை மேலே தொங்கும் துளையிட்ட அட்டைகள் சொல்கின்றன. ஓட்டிக் காட்டியவர் வயதானவர், விரல் நகங்களெல்லாம் கறுப்பு. எண்ணெய் போட்டால் லேஸில் கறை ஊறிவிடும் என்று இந்தத் தறிகளுக்கு கிராஃபைட் தூளைத்தான் போடுகிறார்களாம். அதனால் தறியிலிருந்து இறங்கும் லேஸ் சாம்பல் நிறத்தில் அழுக்காகத்தான் இருக்கும். அப்புறம் கழுவி, அறுந்த இடங்களை ஊசியால் சரிசெய்து, சாயம் போட்டால்தான் கடையில் பார்க்கும் லேஸ். ஒரு துண்டைக் கையில் கொடுத்தார். தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தபோது என் விரல்களிலும் கறுப்பு ஒட்டியிருந்தது.

இந்தத் தறி இங்கே வந்து சேர்ந்த கதை இன்னும் சுவையானது. இயந்திர லேஸ் பிறந்தது இங்கிலாந்தில், நாட்டிங்காம் பக்கம். இயந்திரங்களை நாட்டுக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது என்று அங்கே சட்டம் இருந்தது. நெப்போலியன் போர்கள் முடிந்த கையோடு, 1816 வாக்கில், சில ஆங்கிலேயத் தொழிலாளர்கள் தறியைப் பாகம் பாகமாகக் கழற்றிக் கள்ளத்தனமாகக் கடல் கடத்தி இங்கே கொண்டுவந்துவிட்டார்கள். ஒரு தலைமுறைக்குள் பக்கத்து ஊரான சேன்-பியேர் முழுக்கத் தறிச் சத்தம். 1885இல் இரண்டு ஊர்களையும் ஒன்றாக்கினார்கள், அதனால்தான் இன்றைக்கும் கலேக்கு இரண்டு மையங்கள். 1848இல் பாரிஸில் புரட்சி வெடித்து வியாபாரம் படுத்ததும் அந்த ஆங்கிலேயக் குடும்பங்களில் நூற்றுக்கணக்கானோர் கப்பலேறி ஆஸ்திரேலியா போய்விட்டார்கள். இருந்த நாட்டில் பிழைப்பு இல்லை, பிறந்த நாட்டுக்குத் திரும்பினாலும் வேலை இல்லை, சரி மூன்றாவது நாட்டுக்குப் போவோம் என்று. நம்மில் எத்தனை வீடுகளில் இதே கதை இருக்கிறது.

திரும்பும் வழியில் நகரசபை முன்னால் சிற்பி ரொடான் செய்த ஆறு பேர் சிலை. 1346இல் இங்கிலாந்து அரசன் மூன்றாம் எட்வர்ட் ஊரை வளைத்தான், பதினோரு மாதம் பட்டினி போட்டு 1347 ஆகஸ்டில் பிடித்தான். ஊர்ப் பெரியவர்கள் ஆறு பேர் வெறுங்காலோடு, கழுத்தில் கயிற்றோடு, ஊர்ச் சாவியைக் கொண்டுவந்து ஒப்படைத்தால் மற்றவர்களை விட்டுவிடுவதாகச் சொன்னான் என்றும், அவர்களைக் கொல்ல வேண்டாமென்று கர்ப்பிணியான அரசி பிலிப்பா மன்றாடினாள் என்றும் அக்கால வரலாற்றெழுத்தாளர் புருவாசார் எழுதிவைத்தார். நகரம் கேட்டது ஒரு வீர நினைவுச்சின்னம். ரொடான் செய்து கொடுத்தது சாகப் போகும் ஆறு சாதாரண மனிதர்களை. அந்த்ரியோ தாந்த்ர் இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டு குனிந்திருக்கிறார். சாவி வைத்திருப்பவர் பல்லைக் கடித்துக்கொண்டு நேரே பார்க்கிறார். ஆறு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. ரொடான் கைகளையும் பாதங்களையும் வேண்டுமென்றே பெரிதாக்கியிருக்கிறார், அந்தப் பாதங்களைப் பார்த்தால் எடுத்து வைக்க முடியாத கனம் தெரிகிறது.

1895இல் திறந்தபோது அவருடைய விருப்பத்துக்கு மாறாக உயரமான பீடத்தில் வைத்தார்கள். 1924இல்தான் இந்த இடத்துக்குக் கொண்டுவந்து பீடத்தைத் தாழ்த்தினார்கள். இதே சிலையின் வார்ப்பு லண்டன் பாராளுமன்றத்துக்குப் பக்கத்துப் பூங்காவிலும் இருக்கிறது, அக்கா பார்த்திருப்பாள். ஆனால் பட்டினி கிடந்த ஊரிலேயே நின்று பார்ப்பது வேறு.

மே 18, சனி

காலையில் பிளாஸ் தார்மில் சந்தை. அதைவிட எனக்குப் பிடித்தது மீனவர் குடியிருப்பான கூர்கேன் பக்கத்து மீன் கடைகள். வரிசையாகச் சின்னச் சின்னக் கடைகள், நாக்கு மீன், நண்டு, கணவாய், எல்லாம் பளபளப்பாக. சமைக்க இடமில்லாமல் வந்ததுதான் கவலை. ஒரு கடைக்கார அம்மா கணவாயைச் சுத்தம் செய்வதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன், ஒரே இழுப்பில் தலையும் குடலும் தனியே வந்துவிடுகின்றன.

நோத்ர்-தாம் கோயில் ஆங்கிலேயர் காலத்துப் பாணியில் கட்டியது, பிரான்ஸில் அப்படி ஒரு கட்டடத்தைக் காண்பது அரிது. 1347இலிருந்து 1558 வரை இது இங்கிலாந்தின் ஊர் என்பதை அந்தச் சுவர்கள் மறக்கவிடவில்லை. 1921 ஏப்ரல் 7இல், பின்னாளில் பிரான்ஸின் ஜனாதிபதியான டு கோல் கல்யாணம் செய்துகொண்டதும் இங்கேதான். மணப்பெண் இவோன் வோந்துரு இந்த ஊர் பிஸ்கட் தொழிற்சாலைக் குடும்பத்துப் பெண்.

கலங்கரை விளக்கத்தில் 271 படிகள். கால் வலிக்கிறது, ஆனால் ஏறுங்கள். மேலே நின்றால் கடைகள், கால்வாய்கள், கப்பல் துறை, அதைச் சுற்றிய வேலிகள் எல்லாம் ஒரே பார்வையில் புரியும்.

மாலையில் கடற்கரையோரம் டிராகன். நாந்த் நகரத்துக் கலைக்குழு மரத்தாலும் எஃகாலும் செய்தது, 2019இல் வந்தது, முதுகில் ஆட்களை ஏற்றிக்கொண்டு புகையும் தண்ணீரும் கக்கியபடி மெதுவாக நடக்கிறது. பிள்ளைகளோடு வருகிறவர்களுக்கு இது ஒன்றே போதும். நான் ஏறவில்லை, கண் இமை திறந்து மூடுவதைப் பக்கத்திலிருந்து பார்த்ததே நிறைவாக இருந்தது.

இரவுச் சாப்பாடு 'வெல்ஷ்'. ரொட்டி, அதன்மேல் பன்றித்தொடை இறைச்சி, எல்லாம் மூழ்கும்படி பியரில் உருக்கிய செடார் சீஸ், உச்சியில் ஒரு முட்டை. பாதிக்கு மேல் முடியவில்லை.

மே 19, ஞாயிறு

இன்றைக்கு எழுதுவதைத் தவிர்க்க முடியாது. துறைமுகத்துக்குப் போகும் சாலையின் இருபுறமும் உயரமான வெள்ளைக் கம்பிவேலி, மேலே சுருள் முள்கம்பி, கேமரா. காரில் போகும்போது அது ஓடி மறைந்துவிடும். நடந்து போனால் முடிவதே இல்லை. 2003இல் செய்த ஒப்பந்தத்தின்படி இங்கிலாந்தின் குடிவரவுச் சோதனை கடலுக்கு இந்தப் பக்கத்திலேயே நடக்கிறது. அதனால் அந்தக் கரைக்குப் போக நினைத்து மாட்டிக்கொள்பவர்கள் எல்லாரும் இந்த ஊரில்தான் நிற்கிறார்கள். 'ஜங்கிள்' என்று சொல்லப்பட்ட பெரிய அகதி முகாமை 2016 அக்டோபரில் அகற்றினார்கள். ஆட்கள் வருவது நிற்கவில்லை. கால்வாய்க் கரையில் கூடாரம் போட்டுவிடக் கூடாதென்று பெரிய பெரிய பாறைகளைக் கொட்டிவைத்திருக்கிறார்கள்.

ஒரு தன்னார்வக் குழுவின் வேன் அருகே ஜெனரேட்டரில் நீளமான பிளக் பலகைகளைச் சொருகி, அதில் கைப்பேசிகள் சார்ஜ் ஆகிக்கொண்டிருந்தன. சூடானியப் பையன்கள் போலிருந்தார்கள். ஒருவன் என்னைப் பார்த்து எந்த நாடு என்று ஆங்கிலத்தில் கேட்டான். சிறிலங்கா என்றேன். தமிழா என்று கேட்டான். எனக்கு முன்னால் இந்தக் கரையில் நின்ற நம் பிள்ளைகளையெல்லாம் நினைத்துக்கொண்டேன்.

இதனால் கலேக்குப் போகவே கூடாது என்று சிலர் சொல்கிறார்கள், சுற்றுலா போகிற இடமா என்று. நான் ஒத்துக்கொள்ளவில்லை. இங்கே எழுபதாயிரம் பேர் வாழ்கிறார்கள், கடை நடத்துகிறார்கள், சந்தைக்குப் போகிறார்கள். இங்கே நான் கண்டவர்கள் மரியாதையானவர்கள், பேச்சுக் கொடுத்தால் நின்று பேசுகிறவர்கள். வேலியை மட்டும் செய்தியில் பார்த்துவிட்டு ஊரை ஒதுக்குவதில் அந்தப் பையன்களுக்கும் நன்மை இல்லை, ஊர்க்காரர்களுக்கும் நன்மை இல்லை. வாருங்கள், வேலியையும் சேர்த்தே பாருங்கள்.

மே 20, திங்கள்

கடைசி நாள். கடற்கரையோடே மேற்கே நடந்தேன். முதலில் பிளெரியோ-பிளாஜ். 1909 ஜூலை 25இல் லூயி பிளெரியோ இங்கிருந்து கிளம்பி, அரை மணிக்குச் சற்று மேல் பறந்து டோவரில் இறங்கினார், ஆங்கிலக் கால்வாய்க் கடலை விமானத்தில் கடந்த முதல் ஆள். அடுத்து சங்கத், கடலடிச் சுரங்கம் போகும் ஊர். அதையும் தாண்டினால் நிலம் மேலே ஏறி கப் பிளோன்-நே என்ற வெள்ளைச் சுண்ணாம்புக் குன்றாகிறது. சரிவில் ஜெர்மானியர் விட்டுப்போன கான்கிரீட் காப்பரண்களும் குண்டுக் குழிகளும், குழிகளுக்குள் இப்போது புல். பிளெரியோவுக்குச் சில நாள் முன்னால் முயன்று கடலில் விழுந்த ஹூபேர் லதாமுக்கும் இங்கே ஒரு சிலை வைத்திருக்கிறார்கள், அது எனக்கு மிகவும் பிடித்தது. வானம் தெளிவாக இருந்ததால் எதிர்க்கரை வெள்ளையாகத் தெரிந்தது. நடுவே ஆறு கப்பல்கள்.

குன்றின் மேலிருந்தே அக்காவுக்கு அழைத்தேன். இரண்டு இரவு தங்கலாம், வெள்ளி வந்தால் லேஸ், சனி சந்தை, ஞாயிறு இந்தக் குன்று, அறை பாரிஸ் விலையில் பாதிகூட இல்லை என்றேன். ஒரு நாளோடு திரும்ப நினைப்பவர்கள் லேஸையும் சிலையையும் மட்டும் பார்த்தால் போதும், டிராகனை விட்டுவிடலாம் என்றும் சொன்னேன். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஆவணியில மச்சாளின்ர கலியாணத்துக்கு வரேக்க ஒரு நாள் முந்தி வெளிக்கிடுவம், அத்தானிட்டச் சொல்லுறன்" என்றாள். அப்புறம் கணவாய் கிலோ என்ன விலை என்று கேட்டாள்.