மான் மூக்குக்கு எட்டாமல், ஐந்நூறு ரூபாய்க்குள்

கனடாவில் இருக்கிற மச்சான் இரண்டு வருடத்துக்கு முன் ஊருக்கு வந்தபோது எல்லாருக்கும் சொக்கலேட்டும் சட்டையும் கொண்டுவந்தான், எனக்கு ஒரு போத்தல் கொண்டுவந்தான். உடம்பிலும் உடுப்பிலும் அடித்துக்கொண்டால் மனித வாடையே வராதாம், மான் பக்கத்தில் வந்து நிற்குமாம். அவன் ஒன்டாரியோவில் நவம்பர் மாதம் வெள்ளைவால் மான் வேட்டைக்குப் போகிறவன். அங்கே அதற்கென்று படித்து, அட்டை எடுத்து, உரிமமும் மானுக்கான அனுமதிச் சீட்டும் வாங்கி, துவக்கோடு போகிறவர்கள் செம்மஞ்சள் மேற்சட்டை தொப்பி எல்லாம் போட்டுக்கொண்டு சட்டப்படி போகிறார்கள். இங்கே இலங்கையில் அந்தக் கதை இல்லை. 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்படி மானை வேட்டையாடுவதும் இறைச்சியை விற்பதும் குற்றம். அப்படிச் சட்டம் இல்லாவிட்டாலும் நான் சுடமாட்டேன், அது வேறு விஷயம். எனக்கு வேண்டியது படம். ஆனால் சுடுகிறவனுக்கும் படம் பிடிக்கிறவனுக்கும் முதல் பிரச்சினை ஒன்றுதான்: மானின் மூக்கு.

மட்டக்களப்பில் உன்னிச்சைக்கு அப்பால் காட்டோரத்தில் மாமாவுக்கு வயல் இருக்கிறது. அந்த வட்டையின், அதாவது வயல்வெளியின், மேற்கு எல்லையில் காடு, கிழக்கே சின்னக் குளம் ஒன்று, நடுவில் தங்குகிற வாடியும் ஒரு காவல் பரணும். சிறுபோக நெல் வெட்டி முடிந்த பிறகு அடிக்கட்டையில் துளிர்க்கிற பச்சையைத் தேடிப் பின்னேரத்தில் புள்ளிமான் இறங்கும். எப்போதாவது ஒரு மரை, அந்தப் பெரிய மான். அந்தப் பரணில்தான் மச்சானின் போத்தலை நம்பி ஏறி உட்கார்ந்தேன். தலையிலிருந்து கால்வரை அடித்தாயிற்று. நாலரைக்கு ஒரு பெட்டையும் குட்டியும் காட்டு விளிம்பில் வந்து நின்றன, நாற்பது ஐம்பது பாகம் (ஒரு பாகம் ஆறடி) இருக்கும். அப்படியே வரும் என்று நான் மூச்சை அடக்கிக்கொண்டிருக்க, பெட்டை தலையைத் தூக்கியது, முன்காலால் நிலத்தை இரண்டு தரம் அடித்தது, கீச்சென்று ஒரு குரல் கொடுத்தது. அவ்வளவுதான். வால் வெள்ளை மட்டும் கொஞ்ச நேரம் தெரிந்தது.

மாமா கீழே வாடித் திண்ணையில் வெற்றிலை போட்டுக்கொண்டு இருந்தார். "மருமகன், காத்து திரும்பி அரை மணித்தியாலம் ஆகிட்டு. நீ இன்னும் அங்க இருந்து என்ன செய்யிறாய்?" என்றார். முப்பது வருடமாக அந்த வட்டையில் படுத்து எழும்புகிற மனுசன், போத்தலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அதிலிருந்து நான் விளங்கிக்கொண்டதுதான் இந்தப் பதிவு.

கச்சான் காற்றுக் காலத்தில், அதாவது ஆனி, ஆடி, ஆவணியில், எங்கள் பக்கம் பகல் முழுக்க மேற்கிலிருந்து அடிக்கும். காட்டிலிருந்து வயலை நோக்கி. வெளியே வருகிற மானுக்கு அது முதுகுக் காற்று, முன்னால் இருக்கிற என் வாடை அதற்குப் போகாது. உலகத்திலேயே நாற்றம் பிடித்தவன் பரணில் இருந்தாலும் அந்த நேரம் அதற்குத் தெரியாது. ஆனால் பின்னேரம் கச்சான் களைத்துப்போக, கிழக்கே கடலிலிருந்து கொண்டல் காற்று உள்ளே வந்துவிடும், சில நாளில் மூன்று மணிக்கே, சில நாளில் வரவே வராது. கொண்டல் வந்தால் என் வாடை நேரே காட்டு விளிம்பில் போய் நிற்கும். போத்தல் அடித்தாலும் சரி, பன்னீரில் குளித்தாலும் சரி.

காற்று எங்கே போகிறது என்று பார்க்க நான் முதலில் பவுடர் கொண்டுபோனேன். ஆம், வாசனைப் பவுடர். மாமா சிரித்த சிரிப்பு இன்னும் காதில் கேட்கிறது. அடுப்புச் சாம்பலைச் சல்லடையில் சலித்து ஒரு சீலைத் துண்டில் முடிந்துகொண்டால் போதும், ஒரு தட்டுத் தட்டினால் காற்றின் பக்கம் தெரியும். ஆனால் சாம்பல் கைநீளத்துக்கு அப்பால் கண்ணுக்குத் தெரியாது. அதைவிட நல்லது எருக்கலைக் காய் வெடித்து வருகிற பஞ்சு. ஒரு இழையை விட்டால் அது மிதந்து மிதந்து ஐம்பது பாகம் வரை போகும், எங்கே வளைகிறது, எங்கே வேலி மரத்தில் மோதித் திரும்புகிறது, எங்கே பள்ளத்தில் இறங்குகிறது எல்லாம் காட்டும். இதை மச்சானிடம் சொன்னால், அங்கே வேட்டைக்காரர்களும் இதே வேலைக்கு ஒரு செடியின் பஞ்சைத்தான் பிடுங்கி வைத்திருப்பார்களாம், அதுவும் எருக்கலைக் குடும்பம்தானாம். ஆடு கூடத் தின்னாத செடி என்று ரோட்டோரம் விட்டுவைத்திருக்கிறோம், செலவு ஒரு சதமும் இல்லை.

பஞ்சு கற்றுத்தந்த இன்னொரு பாடம் குளக்கட்டு. ஒரு நாள் பரண் வேண்டாம், குளத்தில் தண்ணீர் குடிக்க வருகிறதைப் பிடிக்கலாம் என்று கட்டின் மேல் ஒரு மருத மரத்தடியில் இருந்தேன். காற்றே இல்லை, இலை அசையவில்லை, இது நல்ல நாள் என்று நினைத்தேன். வெயில் இறங்கின பிறகு பஞ்சை விட்டால் அது கட்டிலிருந்து வழுக்கினமாதிரிக் கீழே தண்ணீர்ப் பக்கம் போகிறது. நிலம் குளிரக் குளிரக் குளிர்ந்த காற்று பள்ளத்துக்கு வடியும், தண்ணீர் வடிகிறமாதிரியே. காலையில் வெயில் ஏறினால் இது தலைகீழாகும், சூடான காற்று மேலே எழும்பும். ஆக, பின்னேரம் மேட்டில் இருந்து பள்ளத்தில் வருகிற மானைப் பார்க்க நினைப்பது, கூப்பிட்டு நான் இங்கே இருக்கிறேன் என்று சொல்வதற்குச் சமம்.

சரி, அப்படியென்றால் உடம்பு வாடையைக் குறைக்கிறதில் பிரயோசனமே இல்லையா? இருக்கிறது, காற்று ஒரு நிமிடம் சுழன்று போகிற அந்த நேரத்துக்கு. அந்த ஒரு நிமிடத்தில் கொஞ்ச வாடை போனால் மான் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்ப மேயலாம், பலத்த வாடை போனால் ஓட்டம்தான். இந்த அளவுக்குத்தான் சவர்க்காரமும் சோடாவும் உதவும். அதற்கு மேல் எதிர்பார்த்தால் ஏமாற்றம்.

வியர்வை வரும்போது அநேகமாக மணமற்றது, தோலில் இருக்கிற பக்டீரியா அதைத் தின்று உடைக்கிறபோதுதான் நாற்றம். இதைப் புரிந்துகொண்டால் என்ன வாங்கவேண்டும் என்பது தானாகத் தெரியும். நான் போகிற நாளில் பயற்றம்மா தேய்த்துக் குளிப்பேன், கடைச் சவர்க்காரம் எல்லாமே ஏதோ ஒரு பூவின் பெயரில் மணக்கும், அது மனித வாடையைவிட மோசம். அக்குளில் படிகாரம், அதுதான் சலூனில் சவரம் முடிந்து கன்னத்தில் தேய்க்கிற அந்தக் கல். மணமே கிடையாது, ஒரு துண்டு வாங்கினால் வருடக்கணக்கில் தேயாது. தலைக்கு எண்ணெய் இல்லை. நெற்றியில் சந்தனம் இல்லை (அம்மாவுக்கு இதைச் சொல்லவில்லை). கருவாட்டுக் கறி முதல் நாளே தவிர்ப்பு, இதுதான் எல்லாவற்றிலும் கஷ்டம்.

உடுப்பை வாளித் தண்ணீரில் இரண்டு பிடி அப்பச்சோடா போட்டு ஒரு இரவு ஊறவைத்து அலசுவேன். வியர்வை நாற்றத்தில் பெரும்பங்கு அமிலங்கள், சோடா காரம், அதனால் அது வேலை செய்கிறது, மந்திரம் ஒன்றும் இல்லை. அப்புறம் நல்ல வெயிலில் காயப்போடுவது. சமையலறைப் பக்கத்துக் கொடியில் அல்ல. வாசனைச் சலவைத்தூள் வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு: வெள்ளையை வெள்ளையாகக் காட்டச் சேர்க்கிற பொருள் புறஊதாக்கதிர் பட்டால் நீலமாக ஒளிரும். அமெரிக்க வெள்ளைவால் மானில் செய்த ஆய்வுகளின்படி மானுக்கு நீலம் நன்றாகத் தெரியும், சிவப்பும் செம்மஞ்சளும் நமக்குத் தெரிகிறமாதிரித் தெரியாது. அதனால்தான் அங்கே செம்மஞ்சள் சட்டையோடு போயும் மான் கிடைக்கிறது.

காய்ந்த உடுப்பு மூடி உள்ள பிளாஸ்ரிக் வாளிக்குள், கூடவே கொஞ்சம் சிரட்டைக்கரி. இதிலே ஒரு வேடிக்கை. மச்சான் காட்டின விலைப்பட்டியலில் கரி வைத்துத் தைத்த உடுப்பு ஒன்று நூற்றுக்கணக்கான டொலர், வாடையை உறிஞ்சுமாம். அந்தக் கரியை உண்டாக்க நல்ல மூலப்பொருள் தேங்காய்ச் சிரட்டை, அதை உலகத்துக்கு ஏற்றுமதி செய்கிற நாடுகளில் நாமும் ஒருவர். நம் சிரட்டை கப்பலில் போய் காற்சட்டையாகத் திரும்பி வந்து நமக்கே விலை சொல்கிறது. ஆனால் நேர்மையாகச் சொன்னால் அடுப்புக்கரி அந்த அளவுக்கு உறிஞ்சாது, தொழிற்சாலையில் நீராவி கொடுத்துப் பதப்படுத்தினால்தான் அதன் துளைகள் திறக்கும். வாளிக்குள் புழுங்கல் வாடை வராமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவே. அந்த விலை கூடின உடுப்பிலும் கரி நிறைந்துவிட்டால், வீட்டில் உடுப்புக் காயவைக்கிற இயந்திரத்தின் சூடு அதை முழுக்கப் புதுப்பிக்கப் போதாது.

இவ்வளவும் செய்துவிட்டு மோட்டார் சைக்கிளில் பெற்றோல் அடித்த கையோடு பரண் ஏணியைப் பிடித்தால்? அதையும் செய்திருக்கிறேன். இப்போது சைக்கிளை வாய்க்கால் மதகிலேயே விட்டுவிட்டு, அங்கே கை கழுவி, பழைய சேட்டோடு மெதுவாக நடந்து போவேன். நம் வெயிலில் வேகமாக நடந்தால் பயற்றம்மாக் குளிப்பு பத்து நிமிடம் தாங்காது. பரணடியில் ஈரத்துணியால் துடைத்து, வாளி உடுப்பை அங்கே வைத்துத்தான் போடுவேன். காலுக்கு வயலில் போடுகிற கம்பூட்ஸ், தோல் சப்பாத்தைவிட றப்பர் வாடையைக் குறைவாகப் பிடிக்கும்.

யானை லத்தியைப் பூசினால் மானுக்குத் தெரியாது என்று ஒரு கதை ஊரில் உண்டு, மாட்டுச்சாணத்துக்கும் அதே கதை. நான் பூசியும் பார்த்தேன். மானுக்குச் சாண வாடையும் வரும், அதற்குள் இருக்கிற மனிதன் வாடையும் தனியாக வரும், குழம்பில் கறிவேப்பிலையைத் தனியாக மணந்து பிடிக்கிறமாதிரி. எனக்குக் கிடைத்தது உண்ணிக்கடி மட்டும்.

ஒரு விஷயத்தைச் சும்மா விடமுடியாது. எங்கள் பக்கம் மானுக்கு மறைகிறவன் யானைக்கும் மறைகிறான். யானை உங்கள் வாடையைத் தூரத்திலேயே பிடித்து விலகிப் போவதுதான் இரண்டு பேருக்கும் நல்லது. காற்றுக்கு எதிரே சத்தமில்லாமல் பதுங்கிப் போகிறவன் பற்றைக்குள் நிற்கிற தனியன் யானையின் வாலில் போய் முட்டுவான். ஆகவே நடந்து தேடுகிற வேலை கிடையாது, பரணில் மட்டும்தான், கீழே மாமா இருக்கவேண்டும், இருட்டுமுன் இறங்கவேண்டும். காட்டுக்குள் போவதற்கு இன்னொரு தடையும் உண்டு, கட்டுத்துவக்கு. கம்பியில் கால் பட்டால் வெடிக்கும், மானா மனிதனா என்று அது கேட்காது. குமண, கல்லோயா மாதிரி தேசியப் பூங்காக்களுக்குப் போனால் அங்கத்தைய விதியோடு போய்ப் பார்த்துவிட்டு வருவது, அங்கே இந்த வித்தைக்கு வேலையில்லை.

மூக்கை ஏமாற்றினாலும் மற்றதுகள் இருக்கின்றன. ஆள்காட்டிக் குருவி ஒன்று தலைக்கு மேல் சுற்றிக் கத்தினால் வட்டைக்கே செய்தி போய்விடும். முகம் கறுத்த நீளவால் குரங்குக் கூட்டம் மரத்தில் இருந்தால் இன்னும் மோசம். மான் மூக்கால் காவல், குரங்கு மேலிருந்து கண்ணால் காவல், ஒன்றின் குரலுக்கு மற்றது ஓடும்.

போன ஆவணியில், போத்தலைத் தொடாமல், மேலே சொன்ன மாதிரிப் போய் இருந்தேன். கச்சான் நல்ல பலம். மூன்றரைக்கு ஏழு புள்ளிமான், அதில் ஒரு கலை (ஆண்மான்) கொம்பில் இன்னும் தோல் உரியாமல். பரணுக்குப் பதினைந்து பாகத்தில் மேய்ந்தன. இருபது நிமிடத்துக்குப் பிறகு பஞ்சு என் கையிலிருந்து நேரே கீழே விழுந்தது, பிறகு மெல்ல மேற்கே நகர்ந்தது. மாமா கீழிருந்து இருமினார். நான் கமராவை மூடி மற்றப் பக்கத்தால் இறங்கிவிட்டேன், மான் ஓடவில்லை, தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மேய்ந்துகொண்டே காட்டுப் பக்கம் போனது.

மாரிக்கு இந்தப் பரண் உதவாது, வடக்கிலிருந்து வாடைக்காற்று வந்தால் எல்லாம் பக்கம் மாறும். தென்மேற்கு மூலையில் தூரத்தில் ஒரு பாலை மரம் இருக்கிறது, அதன் தென்பக்கக் கிளையில் இரண்டு பலகை போட்டால் சரிவரும் என்று மாமா சொல்கிறார். அந்த மரத்தில் முசுறு எறும்பு கூடு கட்டியிருக்கிறது. அதற்கு அப்பச்சோடா சரிவராது.