பெரியவரின் பெருமூச்சு

நுரையீரல் கட்டிக்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை தொடங்கும் முன் ஸ்கேன் எடுக்க வந்திருந்த பெரியவரின் மேல்வயிற்றில், பளபளக்கும் புள்ளிகள் ஒட்டிய சிறு பிளாஸ்டிக் பெட்டியை வைத்தேன். மூச்சோடு அது ஏறி இறங்குவதை அகச்சிவப்புக் கேமரா திரையில் அலையாக வரையும். அலை சீராக இருந்தால்தான் சிடி ஸ்கேன் படங்களை ஒரு மூச்சின் 10 கட்டங்களாகச் சுத்தமாகப் பிரிக்க முடியும். அவருடையதோ மேடும் பள்ளமும். “ஐயா, சாதாரணமாக மூச்சு விடுங்கள்” என்றேன். அதுதான் தவறு. சொன்ன பிறகு யாருக்குச் சாதாரணமாக வரும்?

கட்டி இருப்பதோ நுரையீரலின் கீழ்மடலில், மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்தை ஒட்டி. அங்கே ஒரு மூச்சுக்கு ஒரு சென்டிமீட்டருக்கு மேல்கூட நகரும். 5 மில்லிமீட்டரைத் தாண்டினாலே கதிர்வீச்சுச் சிகிச்சைக்குத் தனி ஏற்பாடு வேண்டும்.

பேச்சை மாற்றினேன். “நாற்று விட்டாயிற்றா, ஐயா?”

“எங்கே தம்பி, வாய்க்காலில் தண்ணீரே வரவில்லை.”

பெருமூச்சு விட்டார். அலை திரையை விட்டே வெளியேறியது.

வாயை மூடிக்கொண்டேன். ஐந்து நிமிடத்தில் அவருக்குக் கண் செருகியது. அலை 4 விநாடிக்கு ஒன்றாக ஓடத் தொடங்கியது. பொத்தானை அழுத்தினேன்.